வீட்டு வழங்கியும் அதன் வெப்பமும்

வால்வுகள் பொருத்திய பழைய வானொலிப் பெட்டியை அறிந்தவர்கள் அதன் பின்புறத்தையும் அறிவர். முன்புறத்தில் மெருகிட்ட மரமும் கண்ணாடியும் அழகு செய்யும். பின்புறத்திலோ துளைகள் நிறைந்த ஓர் அட்டை இருக்கும். அத்துளைகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. உள்ளே எரியும் வால்வுகளின் சூடு வெளியேறுவதற்காக இடப்பட்டவை. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் சூடு தங்கும். சூடு தங்கினால் உள்ளுறுப்புகள் விரைவிற் பழுதுறும். ஆதலினால் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு சாண் இடமேனும் விட்டு வைப்பதே முறையாயிருந்தது.

பின்னர் வால்வுகள் மறைந்தன. 1946 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட ‘எனியாக்’ என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அஃது ஏறத்தாழ 150 கிலோஉவாற்று மின்வலுவை உண்டு, அதனைச் சூடாக வெளியிட்டது. 1947 ஆம் ஆண்டின் இறுதியில் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது. இன்று விரல் நகத்தினும் சற்றே பெரிதான சிலிக்கன் துண்டு ஒன்றில் நூறு கோடிக்கு மேற்பட்ட திரான்சிற்றர்கள் அடங்கிவிடுகின்றன. வால்வு போயிற்று, பெட்டி சுருங்கிற்று, வேகம் பெருகிற்று. வெப்பம் மாத்திரம் போகவில்லை. கணினி உண்ணும் மின்சக்தி ஏறக்குறைய முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும் என்பது பௌதிகம் கூறும் உண்மை. அவ்வெப்பத்தை ஆளத் தெரியாத வீட்டில் நல்ல கணினியும் நெடுநாள் நிலைப்பதில்லை.

இக்காலத்தில் பல வீடுகளில் ஒரு கணினி இரவு பகலாக ஓய்வின்றி இயங்குகின்றது. குடும்பத்தின் நிழற்படங்கள், பாடல்கள், திருமண ஒளிப்பதிவுகள், திரைப்படங்கள் யாவும் அதன் வன்தட்டுகளிற் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். கூடத்திலுள்ள தொலைக்காட்சியோ, கையிலுள்ள தொலைபேசியோ, கடல் கடந்து வாழும் பிள்ளையின் கணினியோ கேட்கும்போது, கேட்டதை அது வழங்கும். வழங்குவதனால் அதனை வழங்கி என்பர். ‘பிளெக்ஸ்’, ‘ஜெலிஃபின்’ என்பன இப்பணிக்கெனப் பலரும் பயன்படுத்தும் மென்பொருள்கள்.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய வீடு ஒன்றை நேயர்கள் மனக்கண்முன் கொணர்வார்களாக. அவ்வீட்டுப் பெரியவர் தம் மனைவியின் குரலை முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தார். பிள்ளைகளின் ஏடு தொடக்கம், மூத்த மகளின் திருமணம், பேரப்பிள்ளைகளுக்கு அந்த அம்மையார் கதை சொன்ன மாலைப்பொழுதுகள் எனப் பலவும் ஒலிநாடாவிலும் ஒளிநாடாவிலும் கைத்தொலைபேசியிலும் சிதறிக் கிடந்தன. பிள்ளைகள் அவற்றையெல்லாம் திரட்டிப் பழைய கணினி ஒன்றில் ஏற்றினர். தூசு படக்கூடாது என்று பெரியவர் அக்கணினியைத் தேக்கமர அலுமாரி ஒன்றுக்குள் வைத்து, கதவையும் சாத்தினார்.

அம்மையாரின் ஆட்டைத் திவசம் வந்தது. மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் அவ்வொளிப்பதிவைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ரொறொன்ரோவில் அது காலை, இலண்டனில் நண்பகல் கழிந்த நேரம், மெல்பேணில் இரவு. அம்மையார் கதை சொல்லத் தொடங்கினார். சில நிமிடங்களில் படம் தயங்கிற்று. பின்னர் விட்டுவிட்டு ஓடிற்று. முடிவில் அலுமாரிக்குள் இருந்த கணினி தானாகவே அணைந்துபோயிற்று. கதவைத் திறந்தபோது அனற்காற்று முகத்தில் அடித்தது. படம் நின்றது ஒரு வருத்தம். அக்குரல் அடியோடு அழிந்துவிட்டதோ என்ற அச்சம் அதனினும் பெரிது. வேறெங்கும் அதற்குப் பிரதி கிடையாது.

மறுநாள் பெரியவர் மின்விசிறி ஒன்றை வாங்குவதற்குப் புறப்பட்டார். உயர்தர வகுப்பிலே தொழினுட்பம் பயிலும் பேர்த்தி அவரைத் தடுத்தாள். “அப்பப்பா, சூட்டை விரட்டுவதற்கு முன் சூடு எங்கிருந்து வருகின்றது என்று பாருங்கோ. கணினிக்கு வேண்டாத வேலையைக் கொடுத்திருக்கிறம்” என்றாள். இந்த ஒரு வார்த்தையிலே இப்பொருளின் சாரம் முழுவதும் அடங்கியுள்ளது. வெப்பம் வேலையின் விளைவு. முதலில் வேண்டாத வேலையைக் குறைத்தல் வேண்டும். எஞ்சிய வேலையின் வெப்பத்தை வெளியேற்றுதல் அதற்கு அடுத்தபடி. பெரும்பாலார் இரண்டாவதை முதலிற் செய்து, முதலாவதை மறந்துவிடுகின்றனர்.

வழங்கிக்கு அப்படி என்ன வேலை? ஒளிப்பதிவு கணினியில் உள்ளபடியே சேமிக்கப்படுவதில்லை. சுருக்கப்பட்ட ஒரு குறிமுறையில் எழுதப்படுகின்றது. 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த எச்.264 என்னும் குறிமுறை இன்றும் ஏறக்குறைய எல்லாக் கருவிகளுக்கும் விளங்கும். 2013 ஆம் ஆண்டில் வந்த எச்.265, அதே தரமான படத்தை ஏறத்தாழ அரைவாசி இடத்தில் அடக்கவல்லது. ஆயினும் பழைய தொலைக்காட்சிகள் பலவற்றுக்கு அது விளங்குவதில்லை. 2018 இல் வந்த ஏவி1 இன்னும் புதியது. பார்ப்பவரின் கருவிக்குக் குறிமுறை விளங்குமாயின், வழங்கி கோப்பை எடுத்து நீட்டினாற் போதும். புத்தகசாலையில் நூலை எடுத்துக் கொடுப்பவரின் வேலைதான் அது. கருவிக்கு விளங்காதாயின், வழங்கி அக்கோப்பைப் படித்துப் படித்து வேறு குறிமுறையில் உடனுக்குடன் எழுதிக் கொடுக்க வேண்டும். மேடையில் ஒருவர் பேசப்பேச, அருகில் நின்று மொழிபெயர்ப்பவரின் வேலை இது. முன்னையதிற் செயலிக்கு அலுப்பே இல்லை. பின்னையதில் அதற்கு மூச்சுத் திணறுகின்றது.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பளு விளங்கும். அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் கொண்ட ஒரு படத்தில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள் உண்டு. செக்கனுக்கு 25 படங்கள் என்றால், ஒரு செக்கனில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். 4கே எனப்படும் படத்தில் இது நான்கு மடங்காகி இருபது கோடியைத் தாண்டும். இத்தனையையும் ஒரு செக்கனுக்குள் விரித்து, மீண்டும் சுருக்க வேண்டும். அடுத்த செக்கனில் அவ்வளவும் மறுபடி வந்து நிற்கும்.

அன்று மாலை அந்த வீட்டிலே நிகழ்ந்ததும் இதுவே. அம்மையார் கதை சொன்ன ஒளிப்பதிவு புதிய கைத்தொலைபேசியால் எச்.265 இல் எடுக்கப்பட்டது. கூடத்திலுள்ள பழைய தொலைக்காட்சிக்கு அது விளங்கவில்லை. அதற்கு ஒரு மொழிபெயர்ப்பு. வீட்டிலிருந்து வெளியே செல்லும் இணைய வழி, உள்ளே வரும் வழியினும் ஒடுங்கியது. ஆதலினால் மூன்று நாட்டுப் பிள்ளைகளுக்கும் படத்தைச் சிறிதாக்கி அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்களுக்கு மூன்று மொழிபெயர்ப்புகள். தமிழ் அறியாத பேரப்பிள்ளைகளுக்காகக் கதையின் பொருள் ஆங்கிலத்திற் படத்தின் அடியிலே தோன்றுமாறு செய்திருந்தனர். அவ்வரிகள் எழுத்தாக அன்றிச் சிறு சிறு படங்களாகச் சேர்க்கப்பட்டிருந்தமையால், ஒவ்வொரு படத்தின் மேலும் அவற்றைப் பதித்து எழுத நேர்ந்தது. இவ்வளவும் போதாதென்று, அன்று காலை புதிதாக ஏற்றிய கோப்புகளுக்கெல்லாம் சிறு முகப்புப் படங்களை ஆக்கும் வேலையையும் மென்பொருள் அதே நேரத்திற் செய்துகொண்டிருந்தது. ஓர் ஆசிரியரிடம் ஐந்து வகுப்புகளை ஒரே மணித்தியாலத்திற் கொடுத்தால் என்ன ஆகுமோ, அதுவே ஆயிற்று.

வேலை மிகும்போது வெப்பம் ஏன் மிகுகின்றது? செயலி என்பது கோடிக்கணக்கான நுண்ணிய ஆளிகளின் கூட்டம். ஒவ்வோர் ஆளியும் திறந்து மூடும்போது சிறிது சக்தி செலவாகின்றது. இவ்வாறு செலவாகும் மின்வலு, செயலியின் வேகத்தோடு நேர்விகிதத்தில் உயரும்; கொடுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் நேர்விகிதத்தில் உயரும். வேகத்தைக் கூட்டவேண்டுமாயின் மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டும் என்பதே இதிலுள்ள சங்கடம். ஆனால் இச்சங்கடத்திலேயே ஒரு நன்மையும் மறைந்திருக்கின்றது. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்து வீதம் குறைத்தால், 0.9 ஐ மும்முறை பெருக்கிய 0.729 பங்கே செலவாகும். பத்து வீத வேகத்தைத் துறந்தவர் இருபத்தேழு வீத வெப்பத்தைத் தவிர்த்தவராகின்றார்.

இவ்வுண்மையைப் பெரிய நிறுவனங்களும் பட்டே அறிந்தன. 2004 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் 4 கிகாஹேட்ஸ் வேகமுள்ள பென்ரியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தைக் கைவிட்டது. ஒரே கருவை மேலும் மேலும் விரைவாக ஓட்டுவதை விட்டு, பல கருக்களை ஒரே செயலியில் அமைக்கும் வழிக்கு அக்காலத்தில் உலகம் திரும்பிற்று. வெப்பமே அத்திருப்பத்துக்குப் பெருங்காரணம்.

செயலி தன்னைத் தானே காத்துக்கொள்ளவும் அறியும். இன்ரெல் செயலிகள் பலவற்றுக்கு 100 பாகை செல்சியசு அளவில் ஓர் எல்லை விதிக்கப்பட்டுள்ளது. ‘ராஸ்பெரி பை 4’ என்னும் சிறிய கணினி 80 பாகையைக் கடந்ததும் வேகத்தைத் தளர்த்தத் தொடங்கும். எல்லை நெருங்கும்போது செயலி வேகத்தைக் குறைக்கும். அதனாற் படம் தயங்கும். அப்படியும் சூடு தணியாவிடின், கணினி தானே மின்னைத் துண்டித்துக்கொள்ளும். படம் தயங்கும்போது இணையத்தைக் குறை கூறுவோர் பலர். அலுமாரியைத் திறந்து பார்ப்போர் சிலரே. திடீரென்று அணைவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. அந்நேரத்தில் வன்தட்டிற் கோப்பு ஏதேனும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் அது சிதைவுறலாம்.

ஆகவே பேர்த்தி முதலிற் செய்தது நோய் நாடுதல். அவள் இரண்டு அளவைகளை ஒருங்கே நோக்கினாள்: ஒன்று செயலியின் பளு, மற்றொன்று அதன் சூடு. இரண்டும் ஒன்றாக ஏறினால் வேலை மிகுதி என்பது பொருள். பளு சிறிதாயிருக்கச் சூடு மாத்திரம் ஏறினால், விசிறியிலோ தூசியிலோ குறை உண்டு. லினக்ஸ் இயங்குதளம் காட்டும் சராசரிப் பளு எண்ணை வாசிப்பதற்கும் ஒரு முறை உண்டு. நான்கு கருக்களுள்ள செயலியில் அவ்வெண் 4 ஆயின், நான்கும் நிறைந்த வேலையில் உள்ளன என்று பொதுவாகக் கொள்ளலாம். 11 ஆயின், பல வேலைகள் வரிசையிற் காத்து நிற்கின்றன. எனினும் வன்தட்டு பதில் தரும்வரை காத்திருக்கும் வேலைகளையும் அவ்வெண் சேர்த்தே காட்டும். எண் பெரிதாயிருந்தும் செயலி ஓய்ந்திருக்குமாயின், பிழை செயலியில் அன்று. வன்தட்டைச் சோதித்தல் வேண்டும்.

அந்த வீட்டிலே பளுவும் சூடும் ஒன்றாகவே ஏறின. மருந்தும் அதற்கேற்பவே அமைந்தது.

முதலாவது, மொழிபெயர்ப்பை முன்கூட்டியே செய்துவைத்தல். அடிக்கடி பார்க்கும் ஒளிப்பதிவுகளை எல்லாக் கருவிகளுக்கும் விளங்கும் எச்.264 இல் ஒருமுறை மாற்றி, வெளிநாட்டார்க்கென அளவிற் சிறிய பிரதியொன்றையும் உடன் வைத்தாள். ஒரே படத்தை ஒவ்வொரு முறையும் நால்வருக்கு மொழிபெயர்ப்பதினும், ஓர் இரவிற் பொறுமையாக ஒருமுறை மொழிபெயர்த்து வைப்பது மேல் அன்றோ? மூலக்கோப்பை மாத்திரம் அழிக்காது பேணினாள். ஏனெனில் ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் சிறிது குறையும். இரண்டாவது, படமாயிருந்த அடிவரிகளை எழுத்துக் கோப்பாக மாற்றினாள். எழுத்து வரிகளைப் பெரும்பாலான கருவிகள் தாமே காட்டிக்கொள்ளும். வழங்கி அவற்றைப் பதித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவதே அவளுக்கு வியப்பளித்தது. 2011 ஆம் ஆண்டு தொடக்கம் இன்ரெல் செயலிகள் பலவற்றில், ஒளிப்பதிவைச் சுருக்கவும் விரிக்கவும் மாத்திரமே அமைந்த தனி உறுப்பு ஒன்று உண்டு. 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆறாந் தலைமுறைச் செயலிகளில் அவ்வுறுப்பு எச்.265 ஐயும் கையாளவல்லதாயிற்று. பொதுச் செயலி வருந்திச் செய்யும் வேலையை அது மிகக் குறைந்த மின்வலுவில் முடிக்கும். அவ்வீட்டுக் கணினி அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததே. ஆயினும் மென்பொருளின் அமைப்பில் அவ்வுறுப்பைப் பயன்படுத்துமாறு எவரும் குறிக்கவில்லை. அது உள்ளேயே உறங்கிக் கிடந்தது. ஜெலிஃபின் மென்பொருளில் இவ்வசதிக்குக் கட்டணம் இல்லை. பிளெக்ஸ் மென்பொருளிலோ சந்தா வேண்டும்.

நான்காவது, முகப்புப் படம் ஆக்குதல், கோப்புகளைத் துருவி அடுக்குதல் முதலிய பின்னணி வேலைகளை யாவரும் உறங்கும் நள்ளிரவுக்கு ஒதுக்கினாள். ஐந்தாவது, ஒரே நேரத்தில் நிகழும் மொழிபெயர்ப்புகளுக்கு ஓர் எல்லை விதித்து, செயலியின் உச்சவேகத்தையும் சற்றே குறைத்தாள். வீட்டு வழங்கிக்கு உச்சவேகம் வேண்டுவதில்லை. தளராத நடையே வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பின்னரே அவள் அலுமாரியின் பக்கம் திரும்பினாள். “அப்பப்பா, இது அறுபது உவாற்று மின்குமிழ் ஒன்றை அலுமாரிக்குள்ளே இரவு பகலாக எரியவிட்டுக் கதவைச் சாத்தினது போல” என்று விளக்கினாள். பெரியவருக்கு அது உடனே விளங்கிற்று. விசிறி சூட்டை அழிப்பதில்லை. செயலியிலிருந்து எடுத்துக் காற்றிடம் ஒப்படைக்கின்றது. அக்காற்றுக்குப் போக்கிடம் இல்லாவிடின், விசிறி அதே சூட்டைச் சுற்றிச் சுற்றி வீசும். மேலும், அறைக்காற்றினும் குளிர்ச்சியாகச் செயலியை எந்த விசிறியும் ஆக்கமாட்டாது. அறை 22 பாகையிலிருந்து 32 பாகைக்கு உயர்ந்தால், அதே வேலையைச் செய்யும் செயலியும் ஏறக்குறைய அதே பத்துப் பாகை உயரும். குளிர்நாட்டவர் எழுதிய அளவுகளை இலங்கையின் சித்திரை மாதத்துக்கு அப்படியே பொருத்துதல் தகாது.

கணினி அலுமாரியிலிருந்து வெளியே வந்தது. நிலத்தில் அன்றி, தூசு குறைந்த உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, வெயில் படாத இடத்தில் வைக்கப்பட்டது. மின்னைத் துண்டித்து, செருகியைக் கழற்றிய பின்னரே மூடியைத் திறந்தனர். செயலியின் மேல் ‘ஹீற் சிங்க்’ என்று கடைக்காரர் கூறும் உலோகச் செதில்கள் உண்டு. அவற்றினிடையே தூசு கம்பளி போற் படிந்திருந்தது. விசிறியின் இதழைக் கையாற் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் அதனை அகற்றினர். செயலிக்கும் உலோகத்துக்கும் நடுவிலுள்ள வெப்பப்பசை ஆண்டுகள் பலவாகியதால் உலர்ந்து வெடித்திருந்தது. பழையதைத் துடைத்துவிட்டுப் பயறளவு புதுப்பசை இட்டனர். பசை மிகுந்தால் நன்மை மிகும் என்று எண்ணுவது தவறு. மேடுபள்ளங்களின் இடைவெளியை நிரப்புவதே அதன் தொழில். எறும்பும் பல்லியும் புகாதவாறு காற்றுவழிகளுக்கு நுண்வலை இட்டனர். அவ்வலையையும் காலத்துக்குக் காலம் துடைக்காவிடின் அதுவே அடைப்பாகிவிடும் என்பதையும் பேர்த்தி சொல்லிவைத்தாள்.

இதனாற் பணமும் மீந்தது. 60 உவாற்று இடையறாது உண்ணும் கணினி முப்பது நாளில் 43.2 அலகு மின்னைச் செலவிடும். வேலை குறைந்து 20 உவாற்றாக இறங்கினால் அது 14.4 அலகு மாத்திரமே. அலகு கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறும் இலங்கையின் கட்டண முறையில் இவ்வேறுபாடு சிறிதன்று.

இறுதியாக ஒன்று உண்டு. வெப்பத்தை வென்றுவிட்டால் வன்தட்டு அழியாது என்று எண்ணிவிடலாகாது. 2007 ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர் தம்மிடமிருந்த ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவின்படி, வெப்பத்துக்கும் வன்தட்டின் பழுதுக்கும் உள்ள தொடர்பு முன்னர் எண்ணியதிலும் வலிமை குறைந்ததாகவே காணப்பட்டது. மிக உயர்ந்த சூட்டிலும் முதிர்ந்த தட்டுகளிலுமே அது தெளிவாகத் தெரிந்தது. அதாவது, குளிர்ச்சியாக வைத்த வன்தட்டும் ஒரு நாள் சொல்லாமலே நின்றுபோகலாம். ஆகையால், கிடைத்தற்கரிய எதனையும் ஒரே இடத்தில் வைத்திருத்தல் அறிவுடைமை அன்று.

அக்குடும்பத்தாரும் அவ்வாறே செய்தனர். ஒரு பிரதி வேறொரு வன்தட்டில் மகளின் வீட்டுக்குச் சென்றது. மற்றொன்று ரொறொன்ரோவுக்குச் சென்றது. அடுத்த ஆண்டுத் திதி நாளில், நான்கு திசையிலும் இருந்தவர்கள் மீண்டும் ஒன்றாகப் பார்த்தனர். கணினி மூலையில் ஓசையின்றி இயங்கிற்று. பெரியவர் எழுந்து சென்று, பழைய வானொலிப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கும் வழக்கத்திலே அதன் மேற்புறத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடாகவே இருந்தது. அவர் திரும்பி வந்து கதிரையில் அமர்ந்தார். இம்முறை அம்மையார் கதையை இறுதிவரை சொல்லி முடித்தார்.